பத்தொன்பது பேரோடு முதல் கப்பல் பயணம்: கடலூர் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர். அப்பாவுக்கு எழுபது. அதையொட்டி மே மாத லீவில் மொத்தக் குடும்பமும் கப்பலில் போய்வர ஆசை. அப்பா அம்மா, பெரியப்பா பெரியம்மா, அத்தை, காலேஜ் படிக்கும் அத்தை மகள், நீங்கள் நாலு பேர், அக்கா வீட்டில் நாலு பேர், பெரியப்பா மகனும் அவர் மனைவியும் ஒன்றரை வயதுக் குழந்தையும், பாண்டியில் இருந்து மாமா மாமி. ஆக 19 பேர். ஒருவரும் இதுவரை கப்பல் ஏறியதில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை. எந்தக் கப்பல், எவ்வளவு ஆகும், எங்கெங்கே தப்பு நடக்கும் என்பது கேள்வி.

தப்பு நடக்கும் இடங்கள்தான் எனக்கு நன்றாகத் தெரியும். பதினொரு வருடம் பயணிகள் கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது அறைகளைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்பவனாக, இருந்தேன். ஒரு நாளைக்கு 18 அறை, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. வேலையை விட்டு எங்கள் ஊர் பாண்டி முத்தியால்பேட்டையில் வந்து உட்கார்ந்த பிறகு, கொரோனாவுக்கு முந்தைய வருடம், எங்கள் குடும்பத்தில் 23 பேரைச் சிங்கப்பூரில் கப்பலேற்றிக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். முதல் வேலைக்குச் சம்பளம் கிடைத்தது. இரண்டாவதற்குத் திட்டு கிடைத்தது.

திட்டு எதற்கு என்றால், நான் எல்லோரையும் எல்லா நேரமும் சேர்த்தே வைத்திருக்கப் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு எல்லோரும் டிபன், பத்து மணிக்கு எல்லோரும் நீச்சல் குளம், நாலு மணிக்கு எல்லோரும் குரூப் போட்டோ என்று பேப்பரில் எழுதி ஒட்டினேன். இரண்டாவது நாள் மத்தியானம் என் சித்தி, "கல்யாண வீட்டில்கூட இப்படிப் பந்திக்கு விரட்ட மாட்டாங்கப்பா" என்றார். கப்பல் ஏற்கெனவே எல்லோரையும் ஒரே இடத்தில் அடைத்துவிடுகிறது. அதற்கு மேல் நாமும் கட்டி வைக்கத் தேவையில்லை. ராத்திரிச் சாப்பாடு மட்டும் எல்லோரும் சேர்ந்து. மற்ற நேரம் அவரவர் இஷ்டம். கீழே நான் சொல்வதில் பாதி, இந்த ஒன்றை எப்படி நடத்துவது என்பதுதான்.

சரி, முதலில் எந்தக் கப்பல்.

வீட்டு வாசலிலேயே கடல் இருக்க, பாண்டியிலோ கடலூரிலோ ஏற முடியாதா என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். பாண்டித் துறைமுகத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருப்பதால் பெரிய கப்பல் உள்ளே வர ஆழம் போதாது. கடலூரிலும் அந்தக் காலத்தில் இருந்தே கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, பார்ஜில்தான் சரக்கு இறக்கினார்கள். 2022 ஜூனில் கார்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையில் இருந்து ஓட ஆரம்பித்தபோது பாண்டியும் அதன் வழியில் இருந்தது. கப்பலில் கேசினோ இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அரசு அனுமதி கொடுக்காமல், வந்த கப்பல் அப்படியே திரும்பிப் போனது. 2025 ஜூலையில்தான் முதல் முறையாக வந்தது. அப்போதும் கடலுக்குள் தள்ளி நின்று, பயணிகளைச் சிறு படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக நமக்குச் சென்னை அல்லது சிங்கப்பூர், இரண்டில் ஒன்று.

சென்னையில் ஏறினால் விமானச் செலவு இல்லை. கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும் இரண்டு இரவுப் பயணத்துக்கு ஆதார் போதும். 2023 ஜூனில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போயிருக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். எம்ப்ரஸ் 1990-இல் கட்டிய கப்பல். 210 மீட்டர் நீளம், ஏறத்தாழ 800 அறை. சிறிய கப்பல் என்பதால் பெரியவர்கள் வழி தவறுவது குறைவு. சாப்பாடும் பேச்சும் நம் ஊர்ப் பாணி. ஆனால் இரண்டு விஷயம். தென்மேற்குப் பருவமழையில் மும்பைப் பக்கம் கடல் கொந்தளிக்கும்போதுதான் இந்தக் கப்பல் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருகிறது. அதனால் மே லீவுக்குள் உங்களுக்கு ஏற்ற தேதி கிடைக்காமல் போகலாம். அப்புறம், வங்காள விரிகுடா திறந்த கடல். அலை எழும்பினால் அந்த அளவுக் கப்பல் ஆடத்தான் செய்யும்.

சிங்கப்பூரில் இருந்து பினாங்கு, புக்கெட் போகும் மூன்று, நாலு இரவுப் பயணங்கள் பெரும்பாலும் மலாக்கா நீரிணை வழியாகப் போகின்றன. ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலாய்த் தீபகற்பம். இரண்டு சுவருக்கு நடுவே ஓடும் வாய்க்கால் மாதிரி, பெரிய அலை உள்ளே வருவது குறைவு. கப்பல்களும் பெரியவை, ஜென்டிங் டிரீம் 335 மீட்டர். இந்தியச் சைவச் சாப்பாட்டுக்கும் பஞ்சம் இல்லை, இந்தியப் பயணிகள் அவ்வளவு பேர் போகிறார்கள். சென்னை, திருச்சி இரண்டில் இருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. கடலூரில் இருந்து இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், டிக்கெட் எதில் மலிவோ அதில் போங்கள். மே மாதம், முதல் பயணம், முழங்கால் வலி, கைக்குழந்தை, எல்லாம் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது நாலு இரவு சிங்கப்பூர்ப் பயணம். பட்ஜெட் இடிக்கிறது என்றால் தேதியைத் தள்ளி வைத்துச் சென்னையில் ஏறுங்கள். ஆனால் எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கக் கடலில் டிக்கெட் போடாதீர்கள். 2011 டிசம்பர் தானே புயலைப் பார்த்த ஊர்க்காரருக்கும், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் மழையில் மூழ்கிய எங்கள் ஊருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பேர். சிரிக்காதீர்கள், தமிழ்க் குடும்பங்கள் கவுண்டரில் மாட்டிக்கொள்வது இதில்தான். ஆதாரில் "ரா. முருகேசன்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் "முருகேசன் ராமசாமி" என்று இருக்கும், டிக்கெட் போட்டவர் "ஆர் முருகேசன்" என்று அடித்திருப்பார். இன்னும் மோசம், பழைய பாஸ்போர்ட் சிலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். கப்பல் கம்பெனியின் வலைத்தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. முதல் வேலையாக 19 பேர் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும் போட்டோ எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். விசா, விமானம், கப்பல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தைப் பார்த்து அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். யாருக்காவது அந்தக் கட்டம் காலி என்றால், பணம் கட்டுவதற்கு முன் கம்பெனியிடம் எப்படிப் போடுவது என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். கவுண்டரில் காட்ட உதவும்.

பயணம் முடியும் தேதியில் இருந்து பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். குழந்தைகள் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். பெரியவர்களுடையது பத்து வருடம் என்ற நினைப்பில் இதை மறந்துவிடுவார்கள். கப்பலில் போய்விட்டுத் திரும்பவும் சிங்கப்பூருக்குள்தான் நுழைகிறீர்கள், அதனால் விசா பல முறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். நுழைவதற்கு முன் ஆன்லைனில் நிரப்பும் வருகை அட்டையும் இரண்டு முறை. மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும்போது ஒரு முறை, கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது மறுமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா சொல்தா குடும்பம் (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள் வழி வந்தவர்), பிரெஞ்சு பாஸ்போர்ட் என்று எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூரில் அவருக்கு விசாவே வேண்டாம், உங்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார். ஆனால் திரும்பி இந்தியாவுக்குள் வர அவருக்கு ஓசிஐ கார்டோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) செல்லுபடியாகும் விசாவோ கையில் இருக்க வேண்டும். சென்னையில் ஏறி இலங்கை போய்த் திரும்பினாலும் இதே கதைதான். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்ற பதிலை ஏற்காதீர்கள், கிளம்பும் அன்று கண்ணால் பாருங்கள்.

பெரியப்பா மருமகள் அடுத்த குழந்தைக்கு எதிர்பார்ப்பில் இருந்தால் இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் 24-ஆவது வாரம் தொட்டுவிட்டால் ஏற்றுவதில்லை. கைக்குழந்தை என்றால் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் குட்டிக்குச் சிக்கல் இல்லை. ஆனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிளப்பில் மூன்று வயதும், டயப்பர் இல்லாமல் இருக்கும் பழக்கமும் கேட்பார்கள். ஆக அந்தக் குட்டியை நீங்கள்தான் மாறி மாறித் தூக்க வேண்டும். யார் எந்த வேளை என்று ஊரிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் நாலு நாளும் உங்கள் அம்மா இடுப்பில்தான் இருக்கும்.

இனி அறை. பணம் இங்கேதான் போகிறது. ஜன்னல் இல்லாத உள் அறை, திறக்க முடியாத ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை என்று மூன்று வகை. ஒரு அறைக்கு இரண்டு பேர் கணக்கில்தான் விலை. மூன்றாவது, நாலாவது ஆள் மேலே மடக்கு படுக்கையில் படுத்தால் கட்டணம் குறையும். நாலு பேரை ஒரு அறையில் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவுதான் இருக்கும், தம்பி. ஒருவர் சட்டை மாற்ற மூன்று பேர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். உங்கள் நாலு பேருக்கு ஒன்று, அக்கா வீட்டு நாலு பேருக்கு ஒன்று என்று, நடுவில் கதவு வைத்த ஜோடி அறை கேளுங்கள். காகிதத்தில் ஒரு அறைக்கு ஒரு பெரியவர் பேர் இருக்க வேண்டும், உள்ளே யார் எங்கே படுத்தாலும் கேட்க ஆள் இல்லை. அப்படிப் போட்டால் உங்களுக்கு 9 அறை வரும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் 8 அறை வந்தாலே குரூப் கணக்கு. ஏதாவது சலுகை உண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள்.

எல்லாவற்றிலும் மலிவாக ஒரு கட்டணம் காட்டுவார்கள், "கேரண்டி" என்று பேர். அறை நிச்சயம், ஆனால் எந்த அறை என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். கல்யாணமான புதுசுகளுக்குச் சரி. உங்களுக்கு வேண்டாம். பெரியம்மா கப்பலின் முன் மூக்கிலும், அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகள் பின்கோடியிலும் விழுவார்கள், நடுவே கால் கிலோமீட்டருக்கு மேல் நடை. பெரியவர்கள் மூன்று அறைக்கும் அறை எண் பார்த்து எடுங்கள்: கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், லிப்டுக்குப் பக்கம். சீசா பலகை மாதிரி, ஆட்டம் குறைவாக இருப்பது நடுவில்தான். பால்கனி வேண்டும் என்றால் அப்பா அம்மாவுக்கு ஒன்று எடுங்கள், சாயங்காலம் மொத்தக் குடும்பமும் அங்கேதான் நிற்கும். குட்டியை மட்டும் அந்தக் கதவுப் பக்கம் தனியாக விடக்கூடாது.

பணத்தைப் பற்றி. விளம்பரத்தில் பார்க்கும் எண் பாதிதான். துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம், கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு, இன்டர்நெட் எல்லாம் தனி. அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் டிப்ஸ் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும், சில கம்பெனிகளில் குழந்தைக்கும் சேர்த்து. 16 டாலர் என்று வைத்தாலும் 19 பேர், நாலு நாள், 1,216 டாலர். லட்ச ரூபாய் அதிலேயே போய்விடுகிறது. (அந்த டிப்ஸில் பிழைத்தவன் நான், அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். முன்பே தெரிந்திருந்தால் கடைசி நாள் கவுண்டரில் பெரியப்பா சண்டை போடாமல் இருப்பார், அவ்வளவுதான்.)

உங்கள் பான் எண்ணிலேயே 19 பேர் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், மொத்தமும் உங்கள் தலையில் ஏறிவிடும். ஒவ்வொரு குடும்பமும் தன் பான், தன் கார்டு, தன் பணம். இது வரிக்காக மட்டும் சொல்வதில்லை. நாளைக்கு அக்கா வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காமல் ரத்தானால், யார் பணம் யாருக்கு நஷ்டம் என்ற பேச்சு தீபாவளி வரைக்கும் ஓடும். ரத்து செய்யும்போது நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், கடைசியில் ஒன்றும் திரும்பாது. இருவர் அறையில் ஒருவர் வராவிட்டால், மிச்சமுள்ளவரிடம் இரண்டு பேர் காசு கேட்பார்கள். அத்தை மகளுக்குப் பரிட்சைத் தேதி இன்னும் வரவில்லை என்றீர்களே, அதை முதலில் பாருங்கள், அத்தை தனியாக மாட்டிக்கொள்வார்.

மாமா விஷயம் ஒன்று. பாண்டியில் இருந்து வருகிறவர் என்பதால் சொல்கிறேன், பெட்டியில் பாட்டில் வைத்து வந்தால் ஸ்கேனரில் தெரிந்துவிடும். எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். உள்ளே குடிக்கும் பேக்கேஜ் வாங்கலாம் என்றால், பல கம்பெனிகளில் ஒரு அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே அறையில் உள்ள மற்ற பெரியவரும் வாங்கியாக வேண்டும். மோர் தவிர வேறொன்றும் குடிக்காத மாமிக்கும் சேர்த்துக் காசு. தனித்தனியாக வாங்கிக் குடிப்பது மாமாவுக்கு லாபம். அதைவிட நாலு நாள் சும்மா இருப்பது இன்னும் லாபம், அதை நான் சொல்லி அவர் கேட்கப் போவதில்லை.

இன்சூரன்ஸ் எல்லோருக்கும், முக்கியமாக அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதை எழுதியே எடுங்கள். மறைத்தால் கிளெய்ம் வராது. கப்பலில் டாக்டர் உண்டு, டாலரில் பில் உண்டு. இன்சுலின் போடுகிறவர் என்றால், அறையில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம், அது லேசாகக் குளிர வைப்பதோடு சரி. மருத்துவ அறையில் வைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

குமட்டலுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். நம் கடல் அனுபவம் என்ன, தேவனாம்பட்டினம் பீச்சில் முழங்கால் தண்ணீர், பிச்சாவரத்தில் துடுப்புப் படகு, அவ்வளவுதானே. பெரிய கப்பலில் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் துடுப்பு மாதிரி நீட்டி ஆட்டத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. மாத்திரை வேலை செய்ய வேண்டும் என்றால் குமட்டல் வருவதற்கு முன் போட வேண்டும், வந்த பிறகு இல்லை. ஆவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும்; பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உங்கள் டாக்டரைக் கேட்டே கொடுங்கள். தலை சுற்றினால் அறைக்குள் போய்ப் படுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெளியே வந்து, கப்பலின் நடுவில், தூரத்துக் கடல்கோட்டைப் பார்த்து உட்கார வேண்டும். வெறும் வயிறும் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். பஃபே நாள் முழுக்க இருக்கும், அது அவரவர் பாடு. ராத்திரிக்கு உட்கார்ந்து சாப்பிடும் ஹாலில் முன் பந்தி, பின் பந்தி என்று இரண்டு நேரம். பெரியவர்களுக்காக முன் பந்தி எடுங்கள். 9 அறையின் பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி, பக்கத்துப் பக்கத்து மேசை வேண்டும் என்று புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் போய், முதல் நாள் மூன்று மூலையில் உட்கார்ந்தோம். சைவம், பூண்டு வெங்காயம் இல்லாதது, சர்க்கரை இல்லாதது எதுவானாலும் பதிவிலேயே போட்டுவிடுங்கள்.

வீட்டுச் சாப்பாடு கட்டி எடுத்துப்போக விடமாட்டார்கள். கடையில் வாங்கிப் பிரிக்காத முறுக்கு, ஊறுகாய் பாக்கெட் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் அத்தை அரைத்த மசாலாப் பொடியில் கசகசா இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரில் அது தடை செய்த பொருள், போதைப்பொருள் தடுப்புத் துறையின் கணக்கில் வருகிறது. ஓ.டி. (கடலூர் முதுநகர்) கருவாட்டையும் எடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? எங்கள் வீட்டில் சொல்ல வேண்டி வந்தது.

கெட்டில், இஸ்திரிப் பெட்டி, குட்டி ரைஸ் குக்கர் எதுவும் ஏறாது. சூடு பண்ணும் எதையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், கப்பலில் தீயைப் போல் பயம் வேறில்லை. அதே காரணத்தால் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் மூன்றும் கிடையாது. ஒரு குடும்பத்தில் அறைக்குள் கற்பூரம் ஏற்றி, அலாரம் அடித்து, தீயணைப்பு ஆட்கள் முழு உடையில் வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அந்த அறை என் கணக்கில் இருந்த அறை. அதனால் அப்பாவின் எழுபதுக்குச் செய்யும் பீமரத சாந்தியைத் திருக்கடையூரிலேயே முறையாக முடித்துவிடுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். கப்பலில் மாலை வேண்டுமானால் துணி மாலை, விளக்கு வேண்டுமானால் பேட்டரி விளக்கு. பட்டுப் புடவையும் பட்டு வேட்டியும் எடுத்துப் போங்கள். நன்றாக உடுத்தி வரச் சொல்லும் ஒரு ராத்திரி இருக்கும், கோட்டு சூட்டு போட்டவர்கள் எல்லாம் நம் ஆட்களோடு படம் எடுக்க வருவார்கள்.

யாரும் எழுதாத ஒன்று: பெரும்பாலும் கழிவறையில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் போடுங்கள். ஃபிளஷ் பண்ணினால் காற்றை உறிஞ்சிப் பெரிய சத்தம் வரும், மூடியை மூடிவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். முதல் தடவை எங்கள் அப்பாயி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

அந்த அப்பாயி தொலைந்த கதையையும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்து, "என் ரூமுக்கு எனக்குப் போகத் தெரியும்" என்று கிளம்பினார். கப்பல் தாழ்வாரம் எப்படி இருக்கும் என்றால், ஒரே நிறக் கம்பளம், ஒரே நிறக் கதவு, இரண்டு பக்கமும் நூறு நூறு. ஒன்பதாம் தளத்துக்குப் பதில் பத்தாம் தளத்தில் லிப்டை விட்டு இறங்கிவிட்டார். அங்கேயும் அதே இடத்தில் அதே மாதிரிக் கதவு. கார்டு போட்டால் திறக்கவில்லை. போன் செய்யலாம் என்றால் கடலில் சிக்னல் இல்லை. நாங்கள் 22 பேரும் ஆளுக்கொரு தளமாகத் தேடி ஒருவரையொருவர் தொலைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து, பத்தாம் தளத்து ஸ்டூவர்ட், பிலிப்பைன்ஸ் பையன், தன் சாமான் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஆப்பிள் ஜூஸ் கொடுத்திருந்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை மொழி கிடையாது. அப்பாயி அவன் கல்யாணம் ஆனவனா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என் தங்கை ஒரு வேலை செய்தாள். கப்பல் கதவு இரும்பு, காந்தம் ஒட்டும். ஃபிரிட்ஜில் ஒட்டும் பிள்ளையார் ஒன்று கொண்டு வந்திருந்தாள், அதை அப்பாயி கதவில் ஒட்டினாள். அதன் பிறகு அவர் தொலையவில்லை. நீங்கள் 9 கதவுக்கும் 9 காந்தம் எடுத்துப் போங்கள். குழந்தைகளுக்கும் வேலை ஆகும், எந்தக் கதவுக்கு என்ன என்று அவர்களே முடிவு செய்யட்டும். கூடவே ஒரு சின்ன வெள்ளைப் பலகை, காந்தம் வைத்தது. அதை உங்கள் கதவில் மாட்டி, "குளத்தில் இருக்கிறேன், 4 மணிக்கு வருவேன்" என்று எழுதிப் போகும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். வாட்ஸ்அப் இல்லாத இடத்தில் இதுதான் வாட்ஸ்அப். பெரியவர்கள் சட்டைப் பையில், இடுப்புப் பையில், தள எண்ணும் அறை எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

போனைக் கப்பல் கிளம்பியதும் ஃபிளைட் மோடில் போடச் சொல்லுங்கள், இது எல்லோருக்கும். நடுக்கடலில் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், அந்த ரோமிங் கட்டணம் நாட்டு ரோமிங் மாதிரி இல்லை. என் மச்சான் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்ததற்கு வந்த பில்லைக் கடைசி வரைக்கும் என் அக்காவிடம் காட்டவில்லை.

கப்பல் கிளம்பும் முன் ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்று ஒரு பயிற்சி நடக்கும், தப்பிக்கப் பார்க்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா சாய்ந்தபோது, அன்று ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனேயோ நடத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. இப்போது பல கப்பலில் அவரவர் நேரத்தில் போய்க் கார்டைக் காட்டினால் போதும். பெரியம்மாவையும் கூட்டிப் போய் இடத்தைக் காட்டுங்கள், மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை.

கரையில் இறங்கும் ஊர்களில் இரண்டு விஷயம். சில துறைமுகத்தில் கப்பல் மேடையோடு ஒட்டி நிற்கும். சில இடத்தில் தள்ளி நின்று சிறு படகுக்கு மாற்றுவார்கள். படகு மேலும் கீழும் ஆடும்போது சரியான நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அது வேண்டாம். டிக்கெட் போடும்போதே எந்த ஊரில் எப்படி என்று கேளுங்கள். அவர் கப்பலிலேயே இருக்கட்டும், கூட ஒருவர் இருங்கள். கப்பல் காலியாக இருக்கும் அந்தப் பகல்தான் உண்மையில் சுகமான பகல். இரண்டாவது, நேரம். சிங்கப்பூரை விடத் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அதுதான் நேரம். எல்லோரும் கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டி, கப்பல் நேரத்துக்கு வைத்து, கரையில் மாற்றாமல் இருங்கள். போன் தானாக மாற்றிக்கொள்ளும், அதை நம்பி நின்றவர்கள் துறைமுகத்தில் கையசைத்து நின்றிருக்கிறார்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

ஏறும் ஊருக்கு முந்தின நாளே போய்விடுங்கள், சென்னையானாலும் சிங்கப்பூரானாலும். கடலூரில் இருந்து வேன் வைத்து அன்று காலையே கிளம்பி நேராகக் கப்பலுக்குப் போகலாம் என்று உங்கள் பெரியப்பா சொல்வார். விடாதீர்கள். ஏறும் இடத்தில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது சாயங்காலம்தான் அறைக்கு வந்து சேரும். பாஸ்போர்ட், மாத்திரை, குட்டிக்கு டயப்பர், ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்க வேண்டும். உள்ளே ஏசி மார்கழிக் குளிர் மாதிரி இருக்கும், பெரியவர்களுக்குச் சால்வையும் கைப்பையில்தான்.

இதே பெட்டிக் கதை கடைசி ராத்திரியில் தலைகீழாக நடக்கும். நடுராத்திரிக்கு முன் பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், ஆட்கள் எடுத்துப் போய்விடுவார்கள், காலையில் இறங்கிய பிறகு கரையில்தான் பார்க்கலாம். காலையில் உடுத்தும் துணியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை மூட வேண்டும். 23 பேருக்கும் நான் இரண்டு முறை சொன்னேன். எங்கள் சித்தப்பா சுத்தமான ஆள், எல்லாவற்றையும் மடித்து அடுக்கிப் பூட்டி வெளியே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். மறுநாள் மெரினா பே கப்பல் நிலையத்தில், குடியேற்ற அதிகாரிக்கு முன்னால், பனியனும் நீலக் கட்டம் போட்ட கைலியுமாக நின்றார். அந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சுத்தமான தமிழில், "பாண்டியிலே எங்கே அண்ணே?" என்று கேட்டார்.